கூலிப்பணத்தில் எழுந்த கோபுரங்கள்

ஆலை நகரங்களின் கதை: பகுதி 9 – சிகாகோ

சிகாகோ நகர மையத்திலிருந்து ஓஹேர் விமான நிலையத்துக்குப் போகும் கென்னடி விரைவுச்சாலை, வடமேற்கே ஓரிடத்தில் நேர்கோட்டை விட்டு வளைந்து ஒதுங்குகிறது. குறுக்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. சாலையை ஒட்டி நிற்கும் ஒரு பழைய கோயிலுக்காகத்தான் அந்த வளைவு. 1950-களில் பொறியாளர்கள் போட்ட கோடு அந்தக் கோயிலைக் காவு கேட்டது. பங்கு மக்கள் விடவில்லை. போலந்து வம்சாவளி அரசியல்வாதிகள் தங்கள் செல்வாக்கையெல்லாம் கொண்டுவந்து இறக்கினார்கள். 1960-ல் சாலை திறக்கப்பட்டபோது அது கோயிலைத் தொடாமல் விலகிப் போயிருந்தது. அதே சாலைக்காக அக்கம்பக்கத்தில் எத்தனையோ வீடுகள் இடிந்தன, தெருக்கள் துண்டாயின. கோயில் தப்பியது.

புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா கோயில் அது. அதற்குக் காசு சேர்த்தவர்கள் ஆலைகளிலும் பட்டறைகளிலும் கூலி வேலை பார்த்தவர்கள்.

கட்டடக் கலை வரலாற்றில் சிகாகோவுக்குத் தனி இடம் உண்டு. 1885-ல் வில்லியம் லி பாரன் ஜென்னி கட்டிமுடித்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை உலகின் முதல் வானளாவிக் கட்டடம் என்று பலர் சொல்வார்கள். லூயி சல்லிவன், பிராங்க் லாயிட் ரைட், மீஸ் வான் டெர் ரோ என்று பெரும் பெயர்கள் வரிசையாக வரும். காப்பீட்டு நிறுவனங்களும் வணிகர்களும் பணக்காரக் குடும்பங்களும் அவர்களுக்குப் பணம் கொடுத்தன. நகர மையத்தை விட்டு ஆலைப் பகுதிகளுக்குள் போனால் வானத்தில் எழுந்து நிற்பவை வேறு. இரட்டைக் கோபுரங்கள், பச்சை படிந்த செப்புக் குவிமாடங்கள், மணிக்கூண்டுகள். கட்டடக் கலை நூல்கள் இவற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கினாலே அதிகம். அது பெரிய அநியாயம்.

வேலை செய்த ஆலை எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலாளி முடிவு செய்தார். குடியிருந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை வாடகைக்கு விட்டவர் முடிவு செய்தார். தொழிலாளர்கள் தங்கள் பணத்தில், தங்களுக்குப் பிடித்த மாதிரி எழுப்பிக்கொண்ட பெரிய கட்டடம் பங்குக் கோயில்தான். அவர்கள் எதை அழகு என்று கண்டார்கள், தங்களை யாரென்று நினைத்தார்கள் என்று அறிய இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

கதை மரத்தில் தொடங்குகிறது. 1833-ல் சிகாகோ சில நூறு பேர் வாழ்ந்த சதுப்பு நிலக் குடியிருப்பு. அந்த ஆண்டு செயின்ட் சிர் என்ற பிரெஞ்சுக் குரு வந்து சேர்ந்தார். புனித மரியாவின் பெயரில் சிறியதொரு மரக் கோயில் எழுந்தது. கனத்த உத்தரங்களைச் செதுக்கிக் கோத்துக் கட்டும் பழைய தச்சுமுறையில் அதைக் கட்டவில்லை. அறுத்த மெல்லிய சட்டங்களை வரிசையாக நிறுத்தி ஆணியடித்து இணைத்தார்கள். 'பலூன் சட்டகம்' என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற அந்த முறையின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் அந்தக் கோயிலும் ஒன்று. கைதேர்ந்த தச்சர் தேவையில்லை, செலவு குறைவு, சில வாரங்களில் வேலை முடிந்துவிடும். சிகாகோ அந்த முறையில்தான் மளமளவென்று வளர்ந்தது. பின்னால் அது மளமளவென்று எரிந்ததற்கும் அதுவே காரணங்களில் ஒன்று.

1848-ல் இல்லினாய்–மிச்சிகன் கால்வாய் திறந்தது. அதே ஆண்டு முதல் ரயிலும் ஓடியது. 1865 கிறிஸ்துமஸ் நாளில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்னும் மாபெரும் கால்நடைச் சந்தை திறந்தது. அதைச் சுற்றி இறைச்சி ஆலைகள் முளைத்தன. 1850-ல் சுமார் 30,000 பேர் இருந்த ஊரில் 1870-ல் சுமார் 3 லட்சம் பேர். 1890-ல் 11 லட்சம். வந்தவர்களில் கத்தோலிக்கர் ஏராளம். முதலில் ஐரிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும், அடுத்து போலந்துக்காரர்கள், செக், லித்துவேனியர், ஸ்லோவாக், இத்தாலியர், குரோவேஷியர் என்று அலையலையாக வந்தார்கள். கடைசியில் மெக்சிகோகாரர்கள்.

ஐரிஷ்காரர்கள் கால்வாய் வெட்ட வந்தவர்கள், பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள். 1846-ல் அவர்களுக்கென்று புனித பாட்ரிக் பங்கு உருவானது. கார்ட்டர், பாவர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுக்க, 1853-ல் தொடங்கி 1856-ல் முடிந்த கோயில் இன்றும் நிற்கிறது. நகரில் இன்றும் பயன்பாட்டில் உள்ள மிகப் பழைய பொதுக் கட்டடங்களில் ஒன்று அது. பின்னால் 1885-ல் ஏற்றிய இரண்டு கோபுர முடிகளும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று கூர்மையான மேற்கத்தியக் கோபுரம், மற்றது கிழக்கத்திய பாணியில் வெங்காய வடிவக் குமிழ். மேற்குத் திருச்சபையையும் கிழக்குத் திருச்சபையையும் குறிப்பவை என்பார்கள். 1912-க்கும் 1922-க்கும் இடையில் தாமஸ் ஓஷானசி என்ற கலைஞர், அயர்லாந்தின் பழம்பெரும் கெல்ஸ் சுவடியில் உள்ள பின்னல் கோலங்களைப் பார்த்து அதன் சுவர்களையும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் அமைத்தார். அயர்லாந்தில் விடுதலைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அந்தச் சன்னல்களில் பக்தியோடு அரசியலும் கலந்திருக்கிறது.

சற்றுத் தென்மேற்கே, அன்று வெறும் புல்வெளியாகக் கிடந்த இடத்தில், சேசு சபைக் குரு ஆர்னால்டு டாமென் 1857-ல் திருக்குடும்பக் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். நண்பர்கள் அவருடைய துணிச்சலைப் பார்த்துத் தயங்கியதில் வியப்பில்லை. அந்த ஆண்டுதான் அமெரிக்க வங்கிகள் திவாலாகி நாடே தத்தளித்தது. டாமென் நிறுத்தவில்லை. 1860 ஆகஸ்டில் கோதிக் பாணிக் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. அதைச் சுற்றி ஐரிஷ் தொழிலாளர்களின் மர வீடுகள் நெருக்கியடித்து எழுந்தன.

அந்த மர வீடுகளுக்கு நடுவே, அதே பங்கைச் சேர்ந்த ஓலீரி குடும்பத்தின் மாட்டுக்கொட்டகையில்தான் 1871 அக்டோபர் 8 இரவு தீ பிடித்தது. இரண்டு நாளில் 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். டாமென் அப்போது புரூக்ளினில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். தந்தி போனது. கோயில் தப்பினால் சகாய மாதா சுரூபத்தின் முன் ஏழு விளக்குகள் என்றென்றும் எரியும் என்று அவர் நேர்ந்துகொண்டதாகவும், காற்று திசைமாறித் தீயை அப்பால் கொண்டுபோனதாகவும் பங்கில் வழிவழியாகச் சொல்கிறார்கள். தீ தோன்றிய பங்கின் கோயில் நின்றது. ஏழு விளக்குகளும் இன்றும் எரிகின்றன, இப்போது மின்சாரத்தில்.

வடக்கே ஜெர்மானியர்களின் புனித மிக்கேல் கோயிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மைக்கேல் டைவர்சி என்ற பீர் ஆலை முதலாளி நிலம் கொடுத்ததால் அவருடைய காவல் புனிதரின் பெயரையே கோயிலுக்கு வைத்தார்கள். 1869-ல் முடித்த கோயிலின் கூரையையும் உள்ளிருந்த அத்தனையையும் இரண்டே ஆண்டில் தீ தின்றது. செங்கல் சுவர்கள் மட்டும் நின்றன. அந்தச் சுவர்களுக்குள்ளேயே மறுபடி கட்டி 1873-ல் திறந்துவிட்டார்கள், வீடிழந்த மக்கள் தங்கள் வீடுகளையும் கட்டிக்கொண்டே. இந்தக் கோயிலின் மணியோசை காதில் விழும் தூரமே 'பழைய நகரம்' என்று அப்பகுதிக்காரர்கள் எல்லை சொல்வது இன்றும் வழக்கம்.

தீக்குப் பிறகு நகர மையத்தில் மரக் கட்டடங்களுக்குத் தடை வந்தது. செங்கல்லின் காலம் தொடங்கியது. நகரைச் சுற்றியிருந்த களிமண்ணைத் தோண்டிச் சுட்ட கரடுமுரடான செங்கல் மலிவாகக் கிடைத்தது. பக்கச் சுவர்களுக்கு அது, முகப்புக்கு நல்ல செங்கல்லோ இண்டியானாவின் சுண்ணாம்புக்கல்லோ, அலங்காரத்துக்குச் சுட்டமண் வார்ப்பு. இந்தக் கட்டடங்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் காசு எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். பல பங்குகள் முதலில் கீழே பள்ளிக்கூடம், மேலே கோயில் என்று ஒரே கட்டடமாக எழுப்பின. வேறு சில அடித்தளத்தை மட்டும் கட்டிக் கூரை போட்டு, அதிலேயே பூசை வைத்துக்கொண்டு, காசு சேரச்சேர மேலே எழுந்தன. பங்குக்கொரு பள்ளி வேண்டும் என்று 1884-ல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் ஆணையிட்டது. அதன்பின் கோயில், பள்ளி, கன்னியர் மடம், குருமனை ஆகிய நான்கும் சேர்ந்த வளாகமே பங்கின் இலக்கணம் ஆயிற்று.

இனி, சிகாகோவை மற்ற நகரங்களிலிருந்து பிரித்துக் காட்டும் விஷயம். திருச்சபைச் சட்டப்படி பங்கு என்பது ஒரு நிலப்பரப்பு. அதற்குள் வாழும் கத்தோலிக்கர் எல்லாரும் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள். சிகாகோவில் அதற்கு மேலேயே இன்னொரு வரைபடம் விரிந்தது. 1880 முதல் 1902 வரை பேராயராக இருந்த பாட்ரிக் ஃபீஹன், ஒவ்வொரு மொழிக்காரருக்கும் தனிப் பங்கு அமைத்துக்கொள்ள தாராளமாக அனுமதி கொடுத்தார். பிரசங்கம், பாவசங்கீர்த்தனம், பள்ளிப் பாடம் எல்லாம் அவரவர் தாய்மொழியில். ஒரே தெருவில் இரண்டு மூன்று பெரிய கோயில்கள் அருகருகே நிற்பது அதனால்தான்.

இதில் மற்றவர்களை விஞ்சியவர்கள் போலந்துக்காரர்கள். அவர்கள் வந்த காலத்தில் உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. 1795-க்குள் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டுக்கொண்டன. 1918 வரை அந்த நிலைதான். பிரஷ்யப் பகுதியில் பிஸ்மார்க் 1870-களில் கத்தோலிக்கத் திருச்சபையை நெருக்கினார். கொடி இல்லாத, நாடாளுமன்றம் இல்லாத ஒரு மக்கள் கடல் தாண்டி வந்து கட்டிய கோயில் வெறும் வழிபாட்டு இடமாக இருந்திருக்க முடியாது. அவர்கள் இழந்த தலைநகரும் அதுதான்.

1867-ல் தொடங்கிய புனித ஸ்தனிஸ்லாஸ் பங்கே சிகாகோவின் முதல் போலந்துப் பங்கு. பாரிஸில் போலந்து நாட்டவர் தொடங்கிய உயிர்ப்புச் சபையைச் சேர்ந்த வின்சென்ட் பர்ஜின்ஸ்கி 1874-ல் பங்குத்தந்தையாக வந்து, 1899-ல் இறக்கும் வரை இருந்தார். கோயிலுக்கு வரைபடம் போட்டவர் புரூக்ளினைச் சேர்ந்த பாட்ரிக் கீலி. அயர்லாந்தின் தர்லஸில் பிறந்த கீலி அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான கோயில்களுக்கு வரைந்து கொடுத்தவர், பெரும்பாலும் கோதிக் பாணியில். சிகாகோவின் திருநாமப் பேராலயமும் அவருடையதே. போலந்துக்காரர்கள் அவரிடம் கோதிக் கேட்கவில்லை. கிராகோவ் நகரத்துக் கோயில்களின் சாயல் கேட்டார்கள். போலந்து ஐரோப்பாவின் பெரிய அரசுகளில் ஒன்றாக இருந்த 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் மறுமலர்ச்சி, பரோக் பாணி அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1877-ல் தொடங்கிய வேலை 1881-ல் முடிந்தது. ஏறத்தாழ 200 அடி உயர இரட்டைக் கோபுரம்.

உள்ளே மேல் கோயில், கீழ்க் கோயில் என இரண்டு அடுக்கு. 1890-களின் பிற்பகுதியில் பங்கில் சுமார் 40,000 பேர். ஞாயிறுதோறும் மேலே ஆறு, கீழே ஆறு என 12 பூசைகள் நடந்தன. உலகின் மிகப் பெரிய பங்குகளில் ஒன்று என்று அது பேசப்பட்டது. ஆறு நாள் வேலைக்குப் பின் கிடைக்கும் ஒரு நாளில், ஒரே கட்டடத்துக்குள் இத்தனை பேரை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதற்கு ஏற்ப அதன் வாசல்களும் படிகளும் இருந்தாக வேண்டும். அழகைப் பற்றி எழுதுபவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். தொழிலாளர் பங்கின் கோயில் வடிவத்தை முடிவு செய்ததில் பாதிப் பங்கு கூட்டத்துக்கு.

எல்லாம் சமாதானமாக நடந்ததாக எண்ண வேண்டாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், அதே நோபிள் தெருவில், திரித்துவக் கோயில் இருக்கிறது. போலந்து விடுதலையே முதல் என்றவர்கள் அங்கே, திருச்சபையே முதல் என்றவர்கள் ஸ்தனிஸ்லாஸில். கோயிலை யார் நடத்துவது என்ற சண்டை இருபது ஆண்டு நீண்டது. திரித்துவக் கோயில் பலமுறை பூட்டப்பட்டது. 1893-ல் திருத்தந்தையின் தூதர் பிரான்செஸ்கோ சட்டோலி நேரில் வந்து, அதைத் திருச்சிலுவைச் சபைக் குருக்களிடம் ஒப்படைத்த பிறகே தீர்வு பிறந்தது. 1906-ல் அவர்கள் எழுப்பி முடித்த புதிய கோயில், ஸ்தனிஸ்லாஸுக்குச் சளைத்ததில்லை என்று காட்டும் வேகத்தோடே நிற்கிறது. தொழிலாளர் சமூகத்தின் உட்பகை நகரத்துக்கு இரண்டு அரிய கட்டடங்களைக் கொடுத்திருக்கிறது.

ஸ்தனிஸ்லாஸில் இடம் போதாமல் சுற்றிலும் சேய்ப் பங்குகள் பிறந்தன. அடால்பஸ் ட்ருய்டிங் என்ற ஜெர்மானியர் வரைந்த புனித ஜான் கான்டியஸ் கோயில் 1898-ல் முடிந்தது. அவரே வரைந்த புனித ஹெட்விக் கோயில் 1901-ல். வொர்த்மன், ஸ்டைன்பாக் இணையர் வரைந்த சம்மனசுகளின் மரியா கோயில் முதல் உலகப் போரின் தட்டுப்பாடுகளில் சிக்கித் திணறி 1920-ல் நிறைவடைந்தது. உரோமையின் புனித பேதுரு பேராலயத்தை நினைவூட்டும் அதன் குவிமாடத்தையும், கூரை விளிம்பில் வரிசைகட்டி நிற்கும் சம்மனசுகளையும் கென்னடி சாலையில் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். அதே இணையரின் புனித ஹயசிந்து கோயில் 1921-ல் முடிந்தது. மூன்று கோபுரங்கள் கொண்ட அந்தக் கோயில் 2003-ல் பசிலிக்கா ஆயிற்று.

வரைந்தவர்கள் ஐரிஷ், ஜெர்மானியர். சன்னல் கண்ணாடி பலவும் ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்து எஃப். எக்ஸ். செட்லர், மயர் கலைக்கூடங்களிலிருந்து கப்பலில் வந்தது. ஆனால் எந்த ஊரின் சாயல் வேண்டும், எந்தப் புனிதர் வேண்டும், எந்த மொழியில் எழுத வேண்டும் என்று சொன்னவர்கள் பணம் கொடுத்த மக்கள்.

அவர்கள் கொடுத்த பணம் எப்படிப்பட்டது? 1904-ல் இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். திறன்சாராத் தொழிலாளிக்கு மணிக்கு 18½ சென்ட் கூலி என்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அத்தனை போராட்டமும். அதில் அவர்கள் தோற்றார்கள். அந்தக் கூலியிலிருந்துதான் ஞாயிறு உண்டியலுக்கும், இருக்கை வாடகைக்கும், கட்டட நிதிக்கும் காசு போனது. ஏழைகளின் வாயிலிருந்து பிடுங்கி இத்தனை ஆடம்பரம் தேவையா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. வட்டிச்சுமையில் பல பங்குகள் பல பத்தாண்டுகள் தவித்தன. ஆனாலும் அந்தப் பணம் வேறெங்கும் போய்விடவில்லை. நாள் முழுக்க இரத்தமும் கொழுப்பும் வழுக்கும் தளத்தில் நின்றவர் ஞாயிறு காலை பளிங்குத் தரையில் முழந்தாளிட்டார். அந்தப் பளிங்கில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். நகரின் வேறெந்தப் பளிங்குக் கூடத்திலும் அவரை உள்ளேகூட விட்டிருக்க மாட்டார்கள்.

காசோடு உழைப்பும் சேர்ந்த இடம் பில்சன் பகுதியின் புனித பவுல் கோயில். 1897-ல் தொடங்கி 1899-ல் முடிந்தது. வரைந்தவர் ஹென்றி ஷ்லாக்ஸ். ஜெர்மானியப் பெற்றோருக்கு சிகாகோவிலேயே பிறந்து, ஆட்லர்–சல்லிவன் அலுவலகத்தில் தொழில் கற்றவர். வானளாவிகளின் பட்டறையில் பயின்ற அவர் வாழ்நாளெல்லாம் கோயில்களையே கட்டினார். பங்கைச் சேர்ந்த ஜெர்மானியர்களில் கொத்தனார்கள் பலர் இருந்தார்கள். அவர்களே சாரம் ஏறிச் செங்கல் அடுக்கினார்கள். ஆணியே இல்லாமல் கட்டிய கோயில் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. தூண், வளைவு, கூரைக்கவிகை எல்லாவற்றிலும் செங்கல்லின் கைவரிசை. முதலாளியின் சுவரைக் கட்டிய அதே கைகள் தங்களுக்காகக் கட்டும்போது என்ன செய்யும் என்று பார்க்க அங்கே போக வேண்டும்.

கால்நடைச் சந்தைக்குப் பின்புறம் இருந்த 'பேக் ஆஃப் தி யார்ட்ஸ்' பகுதியில் கோயில்களின் நெரிசல் இன்னும் கூடுதல். ஐரிஷ்காரர்களுக்கு ஒன்று, ஜெர்மானியர்களுக்குப் புனித அகுஸ்தினார், செக் மக்களுக்குப் புனித சிரில்–மெத்தோடியஸ், ஸ்லோவாக்கியருக்குப் புனித மிக்கேல், போலந்துக்காரர்களுக்கு ஒன்றுக்கு மூன்று, லித்துவேனியருக்குத் திருச்சிலுவைக் கோயில். லித்துவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடவே ரஷ்யப் பேரரசு 1864 முதல் 1904 வரை தடை போட்டிருந்தது. அந்தத் தடை நீங்கிய பத்தாண்டில், சிகாகோவின் இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் திருச்சிலுவைக் கோயிலை எழுப்பினார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இவர்கள் ஒருவர் கோயிலுக்கு ஒருவர் போவதில்லை. ஆலைக்குள்ளும் இந்தப் பிளவு முதலாளிகளுக்கு வசதியாக இருந்தது. 1939-ல் சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் துணை ஆயர் பெர்னார்ட் ஷீலின் ஆதரவோடு 'பேக் ஆஃப் தி யார்ட்ஸ்' குடியிருப்பு மன்றத்தைத் தொடங்கினார்கள். வெவ்வேறு மொழிப் பங்குகளின் குருக்களும் தொழிற்சங்கக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். தனித்தனியாக நிற்கக் கட்டிய பங்குகள் ஒன்றுசேர்ந்து போராடத் தளம் ஆயின.

தெற்கே எஃகு ஆலைகளின் பக்கமும் இதே கதை. சவுத் ஒர்க்ஸ் உலைகளுக்கு அருகே போலந்துத் தொழிலாளர்கள் எழுப்பிய அதிதூதர் புனித மிக்கேல் கோயில் 1909-ல் முடிந்தது. அதன் பங்குத்தந்தை பால் ரோடி 1908-ல் அமெரிக்காவின் முதல் போலந்து வம்சாவளி ஆயர் ஆனார். 1919 எஃகு வேலைநிறுத்தத்தின்போது ஆலைகள் மெக்சிகோகாரர்களை வேலைக்குக் கொண்டுவந்தன. அவர்கள் 1920-களில் குவாதலூப் மாதா கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு நன்கு தெரிந்த புனித யூதா ததேயு பக்தியின் அமெரிக்கத் தேசியத் திருத்தலம் 1929-ல் தொடங்கியது இந்த எஃகுத் தொழிலாளர் கோயிலில்தான். வேலை போய், கூலி குறைந்து நின்ற மக்கள் கைவிடப்பட்டோரின் புனிதரைப் பிடித்துக்கொண்டார்கள்.

1916-ல் பேராயராக வந்த ஜார்ஜ் முன்டலின் இந்த மொழிவழி வரைபடத்தை விரும்பவில்லை. இனி கத்தோலிக்கர் அமெரிக்கராக வேண்டும் என்பது அவர் எண்ணம். புதிய மொழிப் பங்குகளுக்கு அனுமதி ஏறக்குறைய நின்றது. நகருக்கு வடக்கே அவர் கட்டிய குருமடத்தின் முதன்மைக் கோயில், கனெக்டிகட்டின் ஓல்டு லைம் ஊரில் உள்ள ஒரு புராட்டஸ்டன்ட் ஆலயத்தின் மாதிரியில் எழுந்தது. வெள்ளைத் தூண்கள், சிவப்புச் செங்கல், அமெரிக்கக் குடியேற்றக் காலத்துப் பாணி. நாங்களும் இந்த மண்ணின் மக்கள்தான் என்று அந்த வடிவம் உரக்கச் சொல்கிறது. கிராகோவின் சாயல் கேட்ட தொழிலாளர்களுக்குப் பேராயர் கொடுத்த பதில் அது. கட்டடங்களாக மட்டும் வைத்துப் பார்த்தால் தொழிலாளர்களின் பக்கமே கனக்கிறது.

புதுமையே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. பிராங்க் லாயிட் ரைட்டின் பட்டறையில் தொழில் கற்ற பேரி பைர்ன், ஹைடு பார்க்கில் 1924-ல் முடித்த அப்போஸ்தலர் புனித தோமா கோயிலில் உள்தூண்களையே எடுத்துவிட்டார். பீடத்தை மக்கள் பக்கமாக முன்னே கொண்டுவந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டு முன்பே, பூசை எல்லாரும் சேர்ந்து செய்வது என்ற எண்ணத்தை அவர் செங்கல்லில் சொல்லிவிட்டார்.

பிறகு ஆலைகள் மூடின. ஸ்டாக் யார்ட்ஸ் 1971-ல், சவுத் ஒர்க்ஸ் 1992-ல். விரைவுச்சாலைகள் வழியே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புறநகர்களுக்குப் போனார்கள். பல கோயில்களைக் காப்பாற்றியவர்கள் மெக்சிகோகாரர்கள். பில்சனில் செக் மக்களும் லித்துவேனியரும் போலந்துக்காரர்களும் கட்டியவற்றில் குவாதலூப் மாதா குடியேறினார். 1977 முதல் பெரிய வெள்ளிதோறும் 18-ஆம் தெருவில் சிலுவைப்பாதை ஊர்வலம் நடக்கிறது.

எல்லாக் கோயில்களுக்கும் அந்த வாழ்வு கிடைக்கவில்லை. திருக்குடும்பக் கோயிலை இடிக்க ஏற்பாடானது. 1990 டிசம்பர் 31-க்குள் 10 லட்சம் டாலர் சேர்ந்தால் நிற்கலாம் என்றார்கள். நாடெங்குமிருந்து காணிக்கை வந்து குவிந்தது, கோயில் நின்றது. 1988-ல் மூடிய சம்மனசுகளின் மரியா கோயிலை 1991-ல் ஓபஸ் தேயி அமைப்பு ஏற்று மீட்டது. ஷ்லாக்ஸ் வரைந்த புனித ஜான் ஆஃப் காட் கோயில் 1992-ல் மூடியது. அதன் கல் முகப்பைக் கழற்றிக்கொண்டுபோய் லேக் கவுண்டியில் ஒரு புறநகர்ப் புதுக்கோயிலுக்குப் பொருத்திவிட்டார்கள். அழகிய கல் பிழைத்தது, அது நின்ற தெரு வெறுமையானது. இந்தத் தீர்வை மனம் ஏற்க மறுக்கிறது.

மிகவும் வலிக்கும் கதை பில்சனின் புனித அடல்பர்ட் கோயில். 1914-ல் ஷ்லாக்ஸ் முடித்தது. 185 அடி இரட்டைக் கோபுரம், முகப்பில் எட்டு இளஞ்சிவப்புக் கருங்கல் தூண்கள். கோபுரப் பழுதுபார்ப்புக்கான செலவு தாங்காது என்று 2019 ஜூலையில் கடைசிப் பூசை வைத்தார்கள். 2022 நவம்பரில் உள்ளேயிருந்த வியாகுல மாதா சிலையை எடுத்துப் போகவந்தபோது போலந்துக் கிழவர்களும் மெக்சிகோ பெண்களும் சேர்ந்து நின்று எதிர்த்தார்கள். சிலர் கைதானார்கள். 2025 மே 8-ல் திருத்தந்தையான பதினான்காம் லியோவும் இந்த நகரத்து மகன்தான். அவர் சிறுவனாகப் பூசைக்கு உதவிய தென்கோடிப் பங்குக் கோயிலும் மூடப்பட்டதே.

பங்குக் கோயிலை மூடுவதா வைப்பதா என்ற முடிவில், பராமரிப்புச் செலவும் ஞாயிறு வருகைக் கணக்கும் மட்டும் பேசினால் போதாது. இவை மறைமாவட்டத்தின் சொத்து என்பது பத்திரத்தில் உள்ள உண்மை. மணிக்கு 18 சென்ட் கூலிக்காரர்கள் எழுப்பியவை என்பதும் உண்மை. நகரமும் அரசும் வானளாவிகளுக்குக் கொடுக்கும் பாதுகாப்பை இவற்றுக்கும் கொடுத்தாக வேண்டும்.

சிகாகோவுக்குப் போகும் வாசகர்கள் வில்லிஸ் டவர் உச்சியோடு திரும்பிவிட வேண்டாம். புளூ லைன் ரயிலில் டிவிஷன் நிலையத்தில் இறங்கினால் ஸ்தனிஸ்லாஸும் திரித்துவக் கோயிலும் நடக்கும் தூரம். பிங்க் லைனில் 18-ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் பூட்டிய அடல்பர்ட் கோபுரங்கள் உடனே தெரியும், சற்றுத் தள்ளிப் புனித பவுல் கோயில். ஞாயிறு காலையில் போங்கள், திறந்திருக்கும் கோயில்களின் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

(அடுத்த பகுதி: பிட்ஸ்பர்க்)